உறுப்பும் உடலும்: நெல்லைத் திருச்சபையின் பணிப்பகிர்வு மரபும் மும்பைத் தமிழ்க் கிறித்தவரும்

முன்னுரை

மும்பை மாநகரின் நடுவே ஏறத்தாழ இரண்டரைச் சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்துள்ள தாராவி, தமிழகத்திற்கு வெளியே தமிழர் நெருங்கி வாழும் குடியிருப்புகளுள் குறிப்பிடத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோல் பதனிடும் தொழிலை ஒட்டித் தமிழர் அங்குக் குடியேறத் தொடங்கினர். 1871இல் சென்னை, பம்பாய் இருப்புப் பாதைகள் ராய்ச்சூரில் இணைந்த பின்னர் இப்பெயர்ச்சி எளிதாயிற்று. தாராவித் தமிழருள் பெரும்பகுதியினர் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து சென்றவர்கள். அவர்களுள் கிறித்தவர் கணிசமாக இருந்தனர். தாராவியிலும், அதனை அடுத்த மாட்டுங்கா தொழிலாளர் குடியிருப்பிலும், பின்னர் செம்பூர்ப் பகுதியிலும் தமிழ் வழிபாட்டுச் சபைகள் உருவாயின.

குருவோ மிஷனரியோ முன்னே சென்று அமைத்த சபைகள் அல்ல இவை. பிழைப்புத் தேடிச் சென்றவர்கள் தம்முள் ஒருவர் வேதம் வாசிக்க, ஒருவர் பாட, ஒருவர் காணிக்கைக் கணக்கு எழுத, ஒருவர் தம் ஒற்றை அறையைக் கூடுமிடமாகத் தர, கூடி வழிபட்ட முறையே புலம்பெயர் சபைகளின் பொது வரலாறாகும். வறியவராகவும் அயல் மொழியினர் நடுவே வாழ்வோராகவும் இருந்த மக்களுக்கு இவ்வாற்றல் எங்கிருந்து வந்தது என்னும் வினா எழுகிறது. ஒவ்வொரு விசுவாசிக்கும் தனித்தனிப் பணி உண்டு என்னும் மரபு திருநெல்வேலியில் எவ்வாறு உருவாயிற்று, அம்மரபு சபையின் ஒருமையை எப்பொழுது வளர்த்தது, எப்பொழுது அது பிறழ்ந்து பிளவுக்கு வழிவகுத்தது என்பவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

உறுப்பு என்னும் சொல்

திருச்சபையை ஓர் உடலாகவும் விசுவாசிகளை அதன் பல உறுப்புகளாகவும் காணும் உருவகம் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் 12ஆம் அதிகாரத்தில் விரிவாக இடம்பெறுகிறது. கண்ணும் கையும் ஒன்றையொன்று வேண்டாமெனத் தள்ள இயலாது, வலிமை குறைந்ததாகத் தோன்றும் உறுப்பே இன்றியமையாதது என்பது அதன் சாரம். 1871ஆம் ஆண்டின் பவர் திருத்த மொழிபெயர்ப்பு இவ்விடத்தில் 'அவயவம்' என்னும் வடசொல்லை ஆள்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'உறுப்பு' என்கிறது.

தமிழ் மரபில் உறுப்பு என்னும் சொல் உடலின் பகுதியை மட்டும் குறிப்பதன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் 34 செய்யுள் உறுப்புகளைத் தொகுத்துரைப்பார். அவற்றுள் தனித்து நின்று செய்யுளாவது எதுவுமில்லை. திருவள்ளுவர் படை, குடி, கூழ், அமைச்சு, நட்பு, அரண் என ஆறினையும் அரசின் அங்கங்களாகக் கொள்கிறார். வெவ்வேறு தன்மையுடைய பகுதிகள் தத்தம் தொழிலைச் செய்வதால் முழுமை அமைகிறது என்பது தமிழருக்குப் பழகிய சிந்தனையே. சபையில் பதிவு பெற்றவரை 'உறுப்பினர்' என வழங்கும் இன்றைய வழக்கிலும் இப்பொருள் உறைகின்றது. பெயர் பதிந்தவர் என்பதைவிடத் தொழில் உடையவர் என்பதே அச்சொல்லின் அடிப்பொருள் எனலாம்.

குருவில்லாக் காலத்துச் சபைகள்

சீர்திருத்தச் சபைகள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே இம்மரபின் முதற்சுவடுகளை முத்துக்குளித்துறைக் கத்தோலிக்கரிடம் காணலாம். பரதவர் 1535 முதல் 1537 வரையான ஆண்டுகளில் திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். 1542இல் அக்கடற்கரைக்கு வந்த தூய சவேரியார், ஒருவரே எல்லா ஊர்களிலும் தங்க இயலாது என்பதை விரைவில் உணர்ந்தார். மன்றாட்டுகளைத் தமிழில் பெயர்க்கச் செய்து மக்களை மனப்பாடம் செய்ய வைத்தார். ஊர்தோறும் கணக்கப்பிள்ளை ஒருவரை அமர்த்தி, வேதம் கற்பிக்கவும் இடர்க் காலத்தில் திருமுழுக்கு அளிக்கவும் அவரைப் பொறுப்பாக்கினார். நோயுற்றோர் இல்லங்களுக்குச் சிறுவர்களை அனுப்பி மன்றாடச் செய்ததையும் அவர்தம் மடல்களால் அறியலாகிறது. சிறுவருக்கும் ஒரு தொழில் இருந்தது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

இவ்வமைப்பின் வலிமை, குருக்கள் அகற்றப்பட்ட காலத்தில் வெளிப்பட்டது. 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிக் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினர். கடற்கரைச் சமூகம் தன் சாதித்தலைவரையும் ஊர்ப்பொறுப்பாளரையும் சார்ந்து தன் நம்பிக்கையைக் காத்துக்கொண்டது. யாழ்ப்பாணத்தில் தடை இன்னும் கடுமையாக இருந்தது. 1687இல் கோவாவிலிருந்து ஏழைத் தொழிலாளி வேடத்தில் அங்குச் சென்ற யோசேப்பு வாஸ், கழுத்தில் செபமாலை அணிந்து நடந்து, மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரைக் கண்டறிந்தார். ஒரு தலைமுறைக் காலம் குருவின்றி இருந்தும் அவர்கள் சிதறிப் போகவில்லை. மூப்பர், அண்ணாவி முதலிய பொதுநிலைப் பொறுப்பாளரை ஊர்தோறும் கொண்டே வாஸ் அச்சபைகளை மீண்டும் கட்டினார். அவர் 1711இல் கண்டியில் மறைந்தார். 2015இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். குரு மீண்டும் வந்தபோது அவரை எதிர்கொள்ளச் சபை உயிரோடு இருந்தமைக்குக் காரணம், பெயர் தெரியாத பலர் தத்தம் சிறுபணியை விடாது செய்தமையே ஆகும்.

பாளையங்கோட்டைப் பதிவேடு

திருநெல்வேலிச் சீர்திருத்தச் சபையின் தொடக்கமும் இத்தகையதே. தஞ்சையிலிருந்து வந்த பிராமணக் கைம்பெண் ஒருவர், ஆங்கிலப் படையதிகாரி ஒருவருடன் பாளையங்கோட்டையில் வாழ்ந்து வந்தார். அவர் திருமுழுக்கு வேண்டியபோது சுவார்ட்சு ஐயர் முதலில் மறுத்தார். அவ்வதிகாரி இறந்த பின்னர், 1778இல், குளோரிந்தா என்னும் பெயரிட்டுத் திருமுழுக்கு அளித்தார். 1780இல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் 40 பேர் இடம்பெற்றனர். பல சாதியினரும் அடங்கிய அச்சிறு குழுவே பின்னாளைய பெருஞ்சபைக்கு வித்தாயிற்று. குளோரிந்தாவின் முயற்சியால் 1785இல் எழுந்த ஆலயத்தை ஊரார் 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என்று வழங்கினர். அ. மாதவையா 1915இல் ஆங்கிலத்தில் எழுதிய 'கிளாரிந்தா' புதினத்திற்கு இவர் வாழ்வே அடிப்படையாகும்.

ஐரோப்பியக் குரு நிலையாகத் தங்காத அவ்வூரில், ஒரு கைம்பெண்ணே சபையைக் கூட்டுபவராகவும் ஆலயம் எழுப்புபவராகவும் விளங்கினார். சபையை வழிநடத்தத் தஞ்சையிலிருந்து அனுப்பப்பெற்ற உபதேசியார் சத்தியநாதன் 1790இல் குருவாக அருட்பொழிவு பெற்றார். தென்பகுதிச் சிற்றூர்களில் சமயப்பணியைத் தொடங்கியவர், சாத்தான்குளத்தை அடுத்த பகுதியைச் சேர்ந்த தாவீது சுந்தரானந்தம். துன்புறுத்தலுக்கு உள்ளான புதுக்கிறித்தவர்களுக்கெனத் தனி நிலத்தில் 1799இல் முதலூர் எழுந்ததும் இவர் முயற்சியாலேயே ஆகும். கைம்பெண், உபதேசியார், சிற்றூர் இளைஞர் என மூவர்தம் மூன்று வேறு பணிகள் இணைந்து ஒரு சபை உருப்பெற்றது. இம்மூவருள் ஒருவரேனும் மற்றவர் பணியைச் செய்திருக்க இயலாது என்பது நோக்கத்தக்கது.

தருமசங்கமும் உபதேசியாரும்

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் இம்மரபை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்தார். உபதேசியாரைக் குறித்த காலங்களில் பாளையங்கோட்டைக்கு வரவழைத்துப் பயிற்றுவித்துத் தத்தம் ஊருக்கு அனுப்பினார். இதனால் ஊர்ச்சபைகள் அனைத்தும் ஒரே பாடத்தைக் கேட்டன. ஓர் ஊரின் துன்பம் மற்ற ஊர்களுக்குத் தெரியவந்தது. சாலை வசதி அருகிய அக்காலத்தில் சபையின் ஒருமை உபதேசியாரின் கால்நடையாலேயே பின்னப்பட்டது எனலாம்.

1830இல் நிறுவப்பெற்ற தருமசங்கம் இவ்வொழுங்கின் பொருளியல் வடிவமாகும். சமயம் மாறியமைக்காக நிலவுடைமையாளரால் குடியிருப்பினின்று விரட்டப்பட்டவர்க்கு நிலம் வாங்கிக் குடியமர்த்துவது அதன் முதன்மை நோக்கம். உறுப்பினர் சிறு தொகை செலுத்தினர். அத்தொகையால் அவர்கள் ஒருபோதும் காணாத ஊரில் ஒரு குடும்பம் வீடு பெற்றது. இதனால் ஒருமை என்பது வழிபாட்டு வேளையில் மட்டும் உணரப்படும் ஒன்றாக நில்லாமல், நிலமும் கிணறுமாகக் கண்முன் நின்றது.

இம்மரபு ஐந்தாண்டுக்குள் பெருஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. ஆங்கிலிக்கத் திருச்சபை முறைமை பற்றிய கருத்து வேறுபாட்டால் 1835இல் ரேனியஸ் தம் சங்கத்தினின்று நீக்கப்பட்டார். அவரைப் பின்பற்றி உபதேசியாரும் ஊர்ச்சபைகளும் பெருமளவில் பிரிந்தனர். 1838இல் அவர் மறைந்த பின்னரே பிளவு படிப்படியாக ஆறியது. ரேனியஸ்பால் மக்கள் கொண்ட பற்று இப்பிளவுக்கு ஒரு காரணம். மற்றொரு காரணமும் எண்ணத்தக்கது. உபதேசியாரைக் குருக்களாக்கும் முறை பற்றிய முடிவு அவர்களைக் கேளாமலேயே தொலைவில் எடுக்கப்பட்டது. பணி ஊராரிடமும் தீர்ப்பு அயலாரிடமும் இருந்த நிலையே சபையை இரண்டாக்கியது. எனினும் மூன்றாண்டுகளில் அது மீண்டும் ஒன்றாயிற்று. ஊர்ச்சபைகளில் மணியடித்து மக்களைக் கூட்டிய கோயில்பிள்ளையும், பள்ளி நடத்திய உபதேசியாரும், தருமசங்கத்தால் உருவான குடியிருப்புகளும் இரு தரப்பிலும் ஒன்றுபோலவே இருந்தமையால் இணைப்பு இயல்வதாயிற்று.

பணி மறுக்கப்பட்ட இடங்கள்

பணிப்பகிர்வு எப்பொழுதும் ஒருமையைத் தரும் எனக் கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. பணி பிறப்பின்படி பகுக்கப்பட்ட இடத்தில், உடல் உருவகமே ஏற்றத்தாழ்வுக்கு அரணாகிவிடும் இடர் உண்டு. தலையும் காலும் வேறு என்று சொல்வோர்க்கும் அவ்வுருவகம் பயன்படும்.

தஞ்சைச் சபையில் 1820களில் எழுந்த பூசல் இதற்குச் சான்று. சுவார்ட்சின் மாணவரும் 'பெத்லகேம் குறவஞ்சி' ஆசிரியருமான வேதநாயக சாத்திரியார் (1774-1864), இளைய மிஷனரிமாரின் சீர்திருத்தங்களை எதிர்த்து எழுதினார். வழிபாட்டில் தமிழ்க் கீர்த்தனைகள் பாடுவதைத் தடுத்ததை அவர் கண்டித்தார். அதே வேளையில் ஆலயத்தில் சாதிப்படி தனித்தமரும் வழக்கத்தைக் காக்கவும் வாதிட்டார். இவ்விரண்டையும் அவர் ஒரே மரபுரிமையாகக் கருதினார். வரலாறு இரண்டையும் பிரித்தது. 1833இல் ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என ஆணையிட்டார். அவ்வாணையைப் பலர் ஏற்க மறுத்தனர். சாத்திரியாரின் கீர்த்தனைகளோ இன்று சபை வேறுபாடின்றித் தமிழ்க் கிறித்தவர் அனைவராலும் பாடப்பெறுகின்றன. கலைஞனாக அவர் ஆற்றிய பணி எல்லாச் சபைகளையும் இணைத்தது. அவர் காக்க முயன்ற இருக்கை வேறுபாடு சபையைப் பிரித்தது. திறத்தால் அமைந்த பணி இணைக்கும் என்பதற்கும், பிறப்பால் அமைந்த இடம் பிரிக்கும் என்பதற்கும் ஒருவர் வாழ்விலேயே சான்று கிடைப்பது அரிதாகும்.

இரண்டாம் சான்று நாசரேத்திலிருந்து கிடைக்கிறது. அங்கு உபதேசியாராயிருந்த அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளை, மிஷனரியோடு ஏற்பட்ட முரண்பாட்டால் பணியினின்று நீக்கப்பட்டார். 1849இல் கால்டுவெல் வெளியிட்ட, திருநெல்வேலிச் சாணார் பற்றிய ஆங்கில நூல் தம் சமூகத்தை இழிவுபடுத்துவதாக அவர் கண்டார். 1857இல் நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில், அயல்நாட்டுப் பொருளுதவியும் மேலாண்மையும் இல்லாத தனிச்சபையை நிறுவினார். சனிக்கிழமை ஓய்வுநாள் முதலான பழைய ஏற்பாட்டு நெறிகளை அச்சபை மேற்கொண்டது. இது 'இந்து கிறித்தவ சபை' எனவும் 'ஏகரட்சகர் சபை' எனவும் அறியப்பட்டது.

இப்பிரிவினையைத் தனியொருவரின் சினம் என ஒதுக்குதல் பொருந்தாது. இடையன்குடியில் 1841 முதல் நெடுங்காலம் உழைத்து, 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைத் தந்த கால்டுவெல்லின் தொண்டு அளப்பரியது. ஆயினும் தம் சபை மக்களைப் பற்றி அவர்களுக்குத் தெரியாத மொழியில், அவர்கள் விடையிறுக்க இயலாத இடத்தில் எழுதப்பட்ட நூல், உறுப்பினரை ஆய்வுப் பொருளாக்கிவிட்டது. சட்டாம்பிள்ளை கேட்டது உதவியன்று, மதிப்பும் பொறுப்புமே ஆகும். அவை சபைக்குள் கிட்டாதபோது அவர் சபைக்கு வெளியே அவற்றை அமைத்துக்கொண்டார்.

பிடி அரிசியும் அசரியாவும்

இந்நிகழ்ச்சிகளிலிருந்து நெல்லைச் சபை கற்ற பாடத்தை அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் காணலாம். வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1902இல் யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறித்தவ இளைஞர் தம் சொந்தப் பொருளைத் திரட்டித் தொண்டிக்குச் சமயப்பணியாளரை அனுப்பியிருந்தனர். தம்மினும் எண்ணிக்கையில் சிறிய சபை செய்த செயல், பெருஞ்சபையினராகிய நெல்லையார் ஏன் இதனைச் செய்யவில்லை என்னும் வினாவை அவருள் எழுப்பியது. அதன் பயனாக 1903 பிப்ரவரி 12இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. இந்தியப் பணியாளர், இந்தியப் பொருள், இந்திய மேலாண்மை என்பன அதன் கொள்கைகளாயின. இச்சங்கம் தெலுங்கு நாட்டின் தோர்னக்கல் பகுதியைத் தன் பணிக்களமாகத் தேர்ந்துகொண்டது.

அயல்நாட்டுப் பணம் இல்லாத ஒரு சங்கம் சிற்றூர் உழவரையும் பனையேறிகளையும் நம்பியே இயங்க வேண்டியிருந்தது. சமைக்க அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலத்திலிட்டு ஞாயிறுதோறும் ஆலயத்திற்குக் கொணரும் பிடி அரிசிக் காணிக்கை தமிழ்ச் சபைகளில் பரவலாக அறியப்பட்டது. மிசோரம் சபைப் பெண்களும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தகைய காணிக்கையை மேற்கொண்டனர். கையில் காசு புழங்காத பெண்ணுக்கும் கொடையாளி என்னும் நிலையை இது வழங்கியது. ஸ்தோத்திரப் பண்டிகையில் முதல் விளைச்சலைப் படைத்து ஏலம் விடுவதும், அசனப் பண்டிகையில் ஊரார் அனைவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பதும், சங்கக் காணிக்கை செலுத்தி உறுப்பினராவதும் இதே நோக்கின் பிற வடிவங்களாகும். இவற்றுள் அசனம் தனிக் கவனத்திற்குரியது. சமைப்பவர், பரிமாறுபவர், இலையெடுப்பவர் என அதில் பணி பலவாயினும் பந்தி ஒன்றே. தஞ்சையில் இருக்கை பிரித்ததை இங்கு உணவு இணைக்க முயன்றது எனலாம். சாதி முற்றும் மறைந்தது என்று இதனால் கொள்ளுதல் இயலாது. மறைய வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு சபையின் வழக்கத்திலேயே இடம்பெற்றது என்ற அளவில் கொள்ளலாம்.

அசரியா 1912 டிசம்பர் 29இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்திய ஆயராகத் திருநிலை பெற்று, தோர்னக்கல் பேராயத்தை நடத்தினார். திருமுழுக்குப் பெறுவோர் தம் தலைமேல் கைவைத்து, நற்செய்தி சொல்லாதிருந்தால் தமக்குக் கேடு என்னும் பவுலின் கருத்தை அறிக்கையிடுமாறு அவர் செய்தார். எழுத்தறியாத பண்ணையாளும் திருமுழுக்கு நாளிலேயே ஒரு பணிக்கு உரியவரானார். கற்ற பின் பணி என்றில்லாமல் பணியோடு கூடிய உறுப்புரிமை என்பது அவர்தம் முறை. அப்பேராயம் விரைந்து வளர்ந்தமைக்கு இதனை ஒரு காரணமாகக் கருதலாம்.

ஊர்ச்சபையின் ஒருமையும் திருச்சபைகளின் ஒன்றிப்பும்

1919 மே 1, 2 ஆகிய நாள்களில் தரங்கம்பாடியில் கூடிய 33 ஊழியர், பிரிந்து கிடக்கும் திருச்சபைகள் ஒன்றாக வேண்டும் என அறிக்கை விடுத்தனர். இருவர் தவிர ஏனையோர் இந்தியர். அசரியா அதில் முன்னின்றார். அயல்நாட்டில் எழுந்த பிரிவினைகளை இந்தியர் சுமக்க வேண்டுவதில்லை என்பது அவர்கள் நிலைப்பாடு. நெடிய உரையாடலுக்குப் பின் 1947 செப்டம்பர் 27இல் சென்னைத் தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. அசரியா 1945 சனவரி 1இல் மறைந்துவிட்டமையால் அதனைக் காணவில்லை. ஆங்கிலிக்கர், மெதடிஸ்டு, தென்னிந்திய ஐக்கிய சபையினர் ஆகியோர் இணைந்த இவ்வொன்றிப்பு தலைவர்களின் கையொப்பத்தால் அமைந்தது உண்மையே. ஆயினும் அதனை நடைமுறையாக்கியவை சேகரங்களும் ஊர்ச்சபைகளும் ஆகும். பணிகளின் பெயர்கள் சபைக்குச் சபை மாறினும் பணிகள் ஏறத்தாழ ஒன்றாயிருந்தமையால் மக்கள் அளவில் இணைப்பு இயல்பாயிற்று. பணியின் எல்லையும் காலப்போக்கில் விரிந்தது. 1976இல் இத்திருச்சபையில் பெண் முதன்முறையாகக் குருவாக அருட்பொழிவு பெற்றார். 2013இல் நந்தியால் பேராயத்தின் ஆயராக புஷ்பலலிதா பொறுப்பேற்றார். குளோரிந்தா ஆலயம் எழுப்பிய காலத்திற்கும் இதற்கும் இடையே 228 ஆண்டுகள் கழிந்தன.

கத்தோலிக்கத் திருச்சபையிலும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய கோட்பாட்டு ஏடு, பொதுநிலையினரின் பணியைத் திருமுழுக்கிலிருந்தே பிறப்பதாக விளக்கியது. 1752இல் உயிர்நீத்த பொதுநிலையினரான தேவசகாயம் பிள்ளை 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

தாராவியில் அம்மரபு

நெல்லையிலிருந்து மும்பைக்குச் சென்றவர்கள் இம்மரபையே தம்மோடு கொண்டு சென்றனர். 1970இல் வட இந்தியத் திருச்சபை உருவான பின்னர், தென்னிந்தியத் திருச்சபையில் பிறந்து வளர்ந்தோர் வேறொரு திருச்சபையின் எல்லைக்குள் வாழ்வோராயினர். ஊரில் சேகரமும் பேராயமும் தாமே தந்த ஒழுங்கை இங்கு உறுப்பினரே ஆக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. வீடுதோறும் முறைவைத்து நடத்தும் செபக்கூட்டம், பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தையும் கற்றுத்தரும் ஞாயிறு பள்ளி, பெண்கள் ஐக்கியம், பாடகர் குழு என்பன புலம்பெயர் தமிழ்ச் சபைகளின் இயக்கத்திற்கு அடிப்படையாவன. ஊரிலிருந்து புதிதாக வருவோர்க்கு வேலையும் தங்குமிடமும் தேடித்தருவதும், இறந்தோர் உடலைச் சொந்த ஊருக்கு அனுப்பப் பொருள் திரட்டுவதும் எழுதப்படாத சபைப்பணிகளாகும். 1830இன் தருமசங்கம் ஆற்றிய தொண்டின் தொடர்ச்சியாகவே இவற்றைக் கொள்ளலாம்.

இப்பணிகள் அனைத்திற்கும் பொதுவான ஒரு தேவை உண்டு. அஃது அண்மை. இரவு வேலை முடித்து வருபவர் செபக்கூட்டத்திற்கு நடந்தே செல்லத்தக்க தொலைவில் வீடு இருத்தல் வேண்டும். நோயுற்றவர் இல்லாமை அடுத்த சந்தில் உடனே உணரப்படுதல் வேண்டும். தாராவியின் நெருக்கம் வாழ்க்கைக்கு இடராயினும் சபைக்குத் துணையாயிற்று. செம்பூர் போன்ற பகுதிகளுக்குப் பெயர்ந்தோரும் தம் பழைய சபையோடு கொண்ட தொடர்பை அத்தொலைவு அனுமதித்த அளவில் பேண முடிந்தது.

இந்த அண்மை இப்பொழுது கேள்விக்குள்ளாகி இருக்கிறது. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்திற்கான ஏலத்தில் 2022இல் அதானி குழுமம் வென்றது. 2023இல் மகாராட்டிர அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது. 2024இல் வீடுதோறும் கணக்கெடுப்பு தொடங்கிற்று. 2000 சனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்போர் தாராவியிலேயே வீடு பெறத் தகுதியுடையோர். அதற்குப் பின் வந்தோர்க்கும் மேல்தளக் குடியிருப்போர்க்கும் தாராவிக்கு வெளியே இடம் தருவதாகத் திட்டம் கூறுகிறது. வீட்டுவசதி நோக்கில் இது தகுதி பற்றிய வரையறை. சபை நோக்கில் இதன் பொருள் வேறு. கீழ்த்தளத்தில் வாழும் முதியவரும், மேல்தளத்தில் வாடகைக்கு இருந்து அவருக்கு வேதம் வாசிக்கும் இளைஞரும் வெவ்வேறு பகுதிகளுக்குப் பிரிக்கப்படக்கூடும். ஞாயிறு பள்ளி ஆசிரியர் ஓரிடத்திலும் பிள்ளைகள் வேறிடத்திலும் அமையக்கூடும். வழிபாட்டுக் கட்டடத்திற்கு மாற்றிடம் தருவதால் மட்டும் சபை காக்கப்படாது. கட்டடம் ஆலயம். அதில் பணி செய்வோர்தம் பிணைப்பே சபை. இஃது அங்குள்ள கோயில், பள்ளிவாசல் சார்ந்த தமிழ் அமைப்புகளுக்கும் பொருந்துவதேயாம்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில உண்மைகள் புலனாகின்றன. நெல்லைச் சபையின் ஒருமைக்குக் கோட்பாடும் அதிகாரமும் மட்டும் காரணமல்ல. கணக்கப்பிள்ளை, உபதேசியார், கோயில்பிள்ளை, பிடி அரிசி எடுத்துவைத்த பெண் எனப் பலர் தத்தம் பணியைச் செய்ததால் அது நிலைபெற்றது. அப்பணி வறியவரும் செய்யத்தக்க அளவினதாக இருந்தபோது எல்லோரும் அதில் பங்கேற்றனர். பணியோடு முடிவெடுக்கும் உரிமையும் சேர்ந்திராத இடத்தில் 1835இன் பிளவும், மதிப்பு மறுக்கப்பட்ட இடத்தில் 1857இன் பிரிவும் நேர்ந்தன. பிறப்பால் இடம் பகுக்கப்பட்டபோது உறுப்பு என்னும் உருவகமே பொருளிழந்தது.

நெல்லையிலிருந்து மும்பை சென்றோர் கொண்டு சென்ற செல்வம் இம்மரபேயாகும். குருவில்லாக் காலத்தையும் கொள்கைப் பிளவையும் கடந்து வந்த அம்மரபு, உறுப்பினர் ஒருவரையொருவர் அணுக முடியாத தொலைவையும் கடக்குமா என்பதை வரும் ஆண்டுகளே காட்டும். பாளையங்கோட்டையில் 40 பெயர்களோடு தொடங்கிய பதிவேடு போன்று, தாராவிச் சபைகளும் தம் உறுப்பினர்தம் பெயரையும் பணியையும் இன்றே எழுதி வைத்தல் நலம். பிரிய நேரிடின் மீண்டும் கூடுவதற்கு அப்பதிவு துணைசெய்யும். தமிழ்ப் புலம்பெயர்வு வரலாற்றை ஆய்வோர்க்கும் அது முதன்மைச் சான்றாக அமையும்.